தட்டையாக வைத்த வளையம்

என் மச்சினன் செய்த தப்பு என் கண்ணில் பட்டது. பட்ட பிறகும் சரி என்று கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டேன் என்று எனக்குத் தெரியும். பொறாமை. வேறு காரணம் ஏதாவது இருக்குமா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

நான் படித்தது ஒன்பதாவது. கடலூர் முதுநகரில் வீடு. வளைகுடாவில் ஒரு குடோனில் சில வருஷம் பெட்டி அடுக்கினேன். திரும்பி வந்த பிறகு சிதம்பரத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை கிடைத்தது. காலை பாசஞ்சரில் போவேன். சாயங்காலம் திரும்புவேன்.

அங்கே தலைமை ஒரு மேடம். புரதத்தைப் படிகமாக்கி, அதன் மேல் எக்ஸ்ரே விட்டு, அதன் வடிவத்தைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. வடிவம் தெரிந்தால் அதற்கேற்ற மருந்து செய்யலாம். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

படிகம் வளர்க்க ட்ரே வைப்பார்கள். ஒரு ட்ரேயில் இருபத்து நாலு குழி. மாணவர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஒன்றும் வரவில்லை என்றால் கழுவப் போடுவார்கள். கழுவும் முன் நானும் ஒரு தடவை பார்ப்பேன். சில நேரம் குழியின் ஓரத்தில் ஊசி முனை மாதிரி ஒன்று மின்னும். கொண்டுபோய்க் காட்டுவேன். இப்படிப் பல தடவை நடந்தது. மேடம் அதை மனதில் வைத்திருந்தார்.

ஒரு மாணவி பிரசவத்துக்குப் போனாள். அவளுடைய கம்ப்யூட்டர் வேலை பாதியில் நின்றது. மேடம் என்னைக் கூப்பிட்டார்.

“பாய், உங்க கண்ணு நல்ல கண்ணு. கை ஈரத்தைத் தொடச்சிட்டு வந்து இதப் பாருங்க.”

கருப்புத் திரை. அதில் நீல வலை. வலைக்குள் மஞ்சள் குச்சிகள். வலை என்பது எக்ஸ்ரே சொல்வது. குச்சி என்பது நாம் சொல்வது. குச்சி வலைக்குள் சரியாக உட்கார வேண்டும். உட்காராத இடத்தில் சிவப்பும் பச்சையும் தெரியும். சிவப்பு என்றால், இங்கே ஒன்றும் இல்லை, நீ எதையோ வைத்திருக்கிறாய். பச்சை என்றால், இங்கே இருக்கிறது, நீ வைக்கவில்லை.

எனக்கு அது பிடித்துப் போனது. ஒரு விரலால் தட்டித் தட்டிப் பழகினேன். ஒரு குச்சியைத் திருப்ப மாணவர்கள் ஐந்து நிமிஷம் பார்த்தால் நான் அரை மணி பார்ப்பேன். பெரிய திரை இருந்த நாற்காலி மெதுவாக என் நாற்காலி ஆனது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நான் வந்தால் எழுந்து கொடுப்பார்கள்.

புரதத்தின் அளவெல்லாம் கம்ப்யூட்டருக்கே தெரியும். அதோடு சேர்த்துப் படிகமாக்கிய மருந்தின் அளவு தெரியாது. அதற்குத் தனியாக ஒரு ஃபைல் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த அணுவுக்கும் எந்த அணுவுக்கும் எவ்வளவு தூரம், எந்த மூலை எவ்வளவு விரியும், எந்த வளையம் தட்டை, எல்லாம் அதில் இருக்கும். ரெஸ்ட்ரெயின்ட் ஃபைல் என்பார்கள். நான் கட்டு ஃபைல் என்பேன். அதில் எப்படிக் கட்டிப் போட்டிருக்கிறோமோ அப்படித்தான் கம்ப்யூட்டர் மருந்தைப் பிடித்து வைக்கும். நாம் இழுத்தாலும் விடாது.

மேடத்துக்கு ஒரு முறை உண்டு. மருந்தை வைப்பவர் ஒருத்தர். அதைத் திருப்பிப் பார்த்துச் சரி சொல்பவர் இன்னொருத்தர். ஒரு நீள நோட்டில் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். போட்ட பிறகுதான் மேடம் திறப்பார். எல்லாரும் இங்கிலீஷில் போடுவார்கள். நான் தமிழில் போடுவேன். ரெண்டாவது கையெழுத்து பெரும்பாலும் என்னுடையதாக இருக்கும்.

அப்போதுதான் மச்சினன் வந்தான்.

என் மனைவிக்கு ஒரே தம்பி. எம்.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தான். மனைவி என்னை விடவில்லை.

“உங்க மேடம்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னங்க? வாய் தேஞ்சா போயிடும்?”

சொன்னேன். மேடம் வரச் சொன்னார். பேசினார். எடுத்துக்கொண்டார். கூட்டிக்கொண்டு போனவன் நான்தான்.

எங்கள் வீடுகளில் அக்கா புருஷனுக்கும் பெண்டாட்டி தம்பிக்கும் ஒரே சொல்தான். அவனும் என்னை மச்சான் என்பான். நானும் அவனை மச்சான் என்பேன். நான் வாடா என்பேன். அவன் வாங்க என்பான். அதுதான் வித்தியாசம்.

வந்த முதல் மாதமே ஒன்று நடந்தது. படிகத்துக்குள் புரதத்தோடு தண்ணீரும் இருக்கும். ஒவ்வொரு தண்ணீரையும் வலையில் தேடி, அங்கே ஒரு புள்ளி வைக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் இருக்கும். ரெண்டு நாள் உட்கார்ந்து வைத்துக்கொண்டிருந்தேன். அவன் பின்னால் வந்து நின்றான்.

“இத ஏன் மச்சான் கையில வெக்கிறீங்க?”

“வேற எதுல வெக்கிறது? கால்லயா?”

சிரித்தான். குனிந்து ஏதோ நாலு வரி அடித்தான். டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது. நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தப்பு இருக்கும் என்று நினைத்துத்தான் பார்த்தேன். நாலே நாலு இடத்தில் தப்பு இருந்தது. மற்றதெல்லாம் நான் வைத்த இடத்திலேயே வைத்திருந்தது.

“பாத்தீங்களா, நீங்க வெச்ச மாதிரியே இருக்கு,” என்றான். பெருமையாகச் சொன்னான். என்னைப் பற்றித்தான் பெருமை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மேடம் அவனிடம் இங்கிலீஷில் பேசுவார். நடுவில் சிரிப்பார். என்னிடம் பேசும்போது சிரிக்க மாட்டார். மரியாதையாகப் பேசுவார். அதுவரை மரியாதை போதும் என்று இருந்தவன், சிரிப்பையும் எண்ண ஆரம்பித்தேன்.

ரயிலில் பக்கத்து சீட்டில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் அவன் முந்திக்கொள்வான்.

“நானும் மச்சானும் ஒரே வேலைங்க. சொல்லப்போனா அவுங்கதான் எனக்கு சீனியர்.”

கேட்டவர் என் கையைப் பார்ப்பார். கழுவிக் கழுவித் தோல் வெளுத்த கை. பிறகு அவன் முகத்தைப் பார்ப்பார். நான் ஜன்னலைப் பார்ப்பேன். ஆலப்பாக்கம் வரும். புதுச்சத்திரம் வரும். அவன் பேசிக்கொண்டே இருப்பான்.

வீட்டிலும் அப்படித்தான். ரெண்டு பேருக்கும் மனைவிதான் சாப்பாடு கட்டுவாள். மீன் குழம்பு என்றால் தலை அவன் டப்பாவில் இருக்கும்.

“எளைச்சுப் போயிட்டான்,” என்பாள் மனைவி.

“சட்டை பட்டன் போட முடியல. அவனா எளைச்சான்?”

“கண்ணு வெக்காதீங்க.”

விளையாட்டாகச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

ஒரு திங்கட்கிழமை மேடம் ரெண்டு பேரையும் கூப்பிட்டார்.

“வெளியூர்லேருந்து புது மருந்து வருது. அதுக்கப்பறம் வரிசையா வந்துகிட்டே இருக்கும். இனிமே ஒருத்தர் முழு நேரமும் ஸ்கிரீன்ல இருக்கணும். இன்னொருத்தர் ட்ரே, கிளாஸ், நைட்ரஜன் எல்லாம் பாத்துக்கணும். இந்த மருந்தை முடிங்க. வெள்ளிக்கிழமை சொல்றேன்.”

அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் போதுமாக இருந்தது. நாற்காலி ஒன்றுதான்.

புது மருந்தைச் செய்து அனுப்பியவர் வெளியூரில் இருக்கிற ஒரு கெமிஸ்ட் அம்மா. முந்தைய மருந்தும் அவர் அனுப்பியதுதான். ரெண்டும் பார்க்க ஒன்று போல இருக்கும். நடுவில் ஒரு அறுகோண வளையம். அதற்கு ஒரு பக்கம் இன்னொரு வளையம், மறுபக்கம் ஒரு வால். மருந்து புரதத்தின் குழிக்குள் போய் உட்காரும். வால் எந்தப் பக்கம் நீட்டுகிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் நீளமாக்கி அடுத்த மருந்து செய்வார்கள்.

மருந்தை வைக்கும் வேலை மச்சினனுக்கு. சரி பார்க்கும் வேலை எனக்கு.

வியாழக்கிழமை மத்தியானம் வைத்துவிட்டான். வெள்ளி காலை நான் பார்க்க உட்கார்ந்தேன். அவன் பக்கத்தில் இல்லை. கேன்டீனில் இருந்தான்.

திருப்பினேன். நேராகப் பார்த்தால் நன்றாக இருந்தது. பக்கவாட்டில் திருப்பியதும் தெரிந்தது. வளையம் தட்டை. ஆணி அடித்துச் சுவரில் மாட்டிய தட்டு மாதிரி. வலை தட்டையாக இல்லை. ஒரு முனை மேலே தூக்கியும் எதிர் முனை கீழே இறங்கியும் இருந்தது. தூக்கிய இடத்தில் ஒரு பச்சைக் கட்டி. இறங்கிய இடத்தில் இன்னொரு பச்சைக் கட்டி. குச்சியை ஒட்டிச் சிவப்பு.

இந்த வடிவம் எனக்குத் தெரியும். சில புரதத்தின் மேல் சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கும். அதையெல்லாம் நான்தான் வைத்தேன். சர்க்கரை வளையம் இப்படித்தான் உட்காரும். ஈசிசேர் மாதிரி. தலை மேலே, கால் கீழே.

ஒரு முனையைப் பிடித்துப் பச்சைக்குள் இழுத்தேன். போனது. சரி செய் என்ற பட்டனை அமுக்கினேன். பட்டென்று மறுபடி தட்டை. இன்னொரு தடவை இழுத்தேன். மறுபடி தட்டை. அப்போது புரிந்தது. வலையில் தப்பில்லை. கட்டு ஃபைலில் தப்பு. வளையம் தட்டை என்று யாரோ அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன. அவன்தான்.

ஃபைலைத் திறந்தேன். எழுத்து எனக்குத் தெரியும். எண் தெரியும். வளையத்தில் ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒன்று புள்ளி மூன்று ஒன்பது என்று இருந்தது. முந்தைய மருந்தின் ஃபைலிலும் அதே எண். முந்தைய மருந்தின் வளையம் தட்டைதான். இதன் வளையம் வேறு. படத்தில் ரெண்டும் அறுகோணம். பழைய ஃபைலையே எடுத்து, வாலை மட்டும் மாற்றி வைத்துவிட்டான். வேகமானவன் செய்கிற வேலை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். மேடம் பதினொரு மணிக்குத் திறப்பார். பக்கவாட்டில் திருப்புவார். பச்சையைப் பார்ப்பார். கேட்பார். எல்லார் முன்னாலும் கேட்பார்.

நான் சொன்னால் அவன் பத்து நிமிஷத்தில் திருத்திவிடுவான். மேடம் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். நாற்காலி அவனுக்குப் போகும்.

அவன் வந்தான். கையில் ரெண்டு டீ.

“பாத்தாச்சா மச்சான்?”

“பாத்தாச்சு.”

“ஏதாவது இருக்கா?”

“ஒண்ணும் இல்ல.”

“வாலுக்கு வலை கொஞ்சம் மங்கலா இருக்குது. அது ஓகேவா?”

“ஓகேதான்.”

நோட்டைத் தள்ளினான். கையெழுத்துப் போட்டேன். டீயைக் குடித்தேன்.

எனக்கு ரெண்டாவது கையெழுத்துதானே என்று நினைத்தேன். மாட்டினால் அவனுக்கு ஜாஸ்தி, எனக்குக் கம்மி. அப்படிக் கணக்குப் போட்டேன்.

பதினொரு மணிக்கு மேடம் வந்தார். கூடவே அவர் போனும் வந்தது. மேலே ஒரு மீட்டிங்குக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நின்றுகொண்டே பார்த்தார். நேராகத்தான் பார்த்தார். திருப்பவில்லை. நோட்டைப் பார்த்தார்.

“பாய் பாத்துட்டீங்களா?”

“பாத்துட்டேன் மேடம்.”

“அப்ப சரி. அனுப்பிடலாம்.”

என் கையெழுத்தைப் பார்த்துத்தான் அவர் திருப்பவில்லை. இதை நான் யோசிக்கவே இல்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார். “ஸ்கிரீனைத் தம்பி பாத்துக்கட்டும். நீங்க ட்ரே பக்கம் பாத்துக்குங்க பாய். அங்க உங்க கண்ணு வேணும்.”

அன்று வெள்ளி. ஜும்ஆ தொழுகைக்கு ரெண்டு பேரும் அவன் நண்பனின் வண்டியில் போனோம். சஃப்பில், தொழுகை வரிசையில், என் பக்கத்தில் நின்றான். தோளோடு தோள் ஒட்டித்தான் நிற்க வேண்டும். இடைவெளி விடக் கூடாது. நான் கொஞ்சம் விட்டேன். அவன் நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டான். தொழுகையில் எதை ஓதினேன் என்று நினைவில்லை. முடிந்ததும் கை கொடுத்தான்.

“உங்களாலதான் மச்சான். நீங்க பாத்துக் குடுத்ததாலதான் மேடம் நம்புனாங்க.”

கையை இழுத்துக்கொண்டேன். செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்தேன்.

அதன் பிறகு ட்ரே. காலையில் படிகத்தை உறைய வைக்கிற நைட்ரஜன் கேனை நிரப்புவேன். குழிகளைப் பார்ப்பேன். கழுவுவேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் முதுகு தெரியும். திரை கண்ணுக்கு நேராக வர நாற்காலியை உயரம் குறைத்துவிட்டான். என்னை விட உயரம் அவன்.

மேடம் சொன்னது நியாயம்தான். எனக்குத் தெரியும். இருந்தாலும் தடுப்புப் பக்கம் முகம் திருப்பாமல் வேலை செய்தேன். அவன் சாப்பிடக் கூப்பிட்டால் அப்புறம் வருகிறேன் என்றேன். ரயிலில் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

மூன்று வாரம் இருக்கும். அவன் தடுப்பைத் தட்டினான்.

“மச்சான், கெமிஸ்ட் அம்மா மெயில் போட்டிருக்காங்க. நம்ம வால் சுவரைப் பாத்து நீட்டுதுல்ல? அந்தப் பக்கமே நீளமாக்கி அடுத்தது ஆரம்பிச்சுட்டாங்களாம். அவங்க ஸ்டூடன்ட் ஒரு பொண்ணு, ராவும் பகலுமா அதுலயே உக்காந்திருக்காம்.”

“எவ்வளவு நாள் ஆவும்?”

“நாலஞ்சு மாசம் ஆவும்னு எழுதியிருக்காங்க. ஈஸி இல்லையாம்.”

அவன் போய்விட்டான். நான் கையில் இருந்த ட்ரேயைக் கீழே வைத்தேன்.

தட்டையாக இருந்தால்தான் வால் குழியின் சுவரைப் பார்க்கும். வளையம் நிஜத்தில் இருக்கிற மாதிரி மடங்கினால் வால் குழியின் வாய்ப்பக்கம் திரும்பும். யாரோ ஒரு பெண், நான் முகம் பார்க்காத பெண், வால் போகவே போகாத சுவரை நோக்கி நாலு மாதம் வேலை செய்யப் போகிறாள். மச்சினனைச் சிக்க வைக்கப் போட்ட கையெழுத்து அவளைப் போய்ப் பிடித்திருக்கிறது.

ரெண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். சொன்னால் அன்றைக்கே தெரியுமா என்று கேட்பார்கள். என்ன சொல்வது?

“ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?” என்றாள் மனைவி.

“ஒண்ணும் இல்ல.”

“தம்பி வந்ததுலேருந்து இந்த ஒண்ணும் இல்லதான்.”

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எது என்று மட்டும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அவன் சாப்பிடப் போனான். நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கால் தரையில் மடங்கியது. கட்டு ஃபைலைத் திறந்தேன். நானே திருத்திவிடலாம், யாருக்கும் தெரியாமல் மாற்றி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். கடைசியில் தட்டை என்று சொல்கிற வரிகள் இருந்தன. அதில் எது இந்த வளையத்துக்கு, எது அடுத்த வளையத்துக்கு என்று பிரித்தெடுக்கத் தெரியவில்லை. மருந்தில் இன்னொரு வளையமும் உண்டு. அது தட்டையாகத்தான் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் அழித்தால் அதுவும் கோணும். விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“என்ன மச்சான் பண்றீங்க?”

பின்னால் நின்றான். கை கழுவின ஈரம் கூடத் துடைக்கவில்லை.

திருப்பிக் காட்டினேன். பக்கவாட்டில். முனையைப் பிடித்துப் பச்சைக்குள் இழுத்தேன். பட்டனை அமுக்கினேன். தட்டை. மறுபடி இழுத்தேன். மறுபடி தட்டை.

பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஃபைலைப் பார்த்தான்.

“பழைய ஃபைல்,” என்றான். “அல்லாஹ். பழைய ஃபைலையே எடுத்துட்டேன்.”

“ஆமா.”

“இந்த வளையம் தட்டையே கெடையாது மச்சான். ஃபர்ஸ்ட் இயர் புள்ளை கூட சொல்லும். நான் எப்படி...”

எழுந்து நாற்காலியைக் கொடுக்கப் போனேன். “உக்காருங்க, உக்காருங்க,” என்றான். என் பக்கத்திலிருந்தே கீபோர்டை இழுத்து அடித்தான். இந்த வளையத்தின் தட்டை வரிகளை மட்டும் எடுத்தான். ஆறு பிணைப்பின் எண்ணையும் மாற்றினான். ஒன்று புள்ளி மூன்று ஒன்பது இருந்த இடத்தில் ஒன்று புள்ளி ஐந்துக்கு மேல் வந்தது. மூலைகளைச் சுருக்கினான். எவ்வளவு மடங்கலாம் என்று நாலு வரி சேர்த்தான். பத்து நிமிஷம் ஆகவில்லை.

மறுபடி வைத்தான். வளையம் மடங்கியது. ஆனால் தலைகீழாக மடங்கியது. கால் மேலே, தலை கீழே.

“இல்ல,” என்றேன். “மறுபக்கம்.”

“கம்ப்யூட்டர் இதத்தான் எடுக்குது.”

“விடு.”

மவுஸை வாங்கினேன். முனையைப் பிடித்து மறுபக்கம் தூக்கினேன். எதிர் முனையை அமுக்கினேன். பட்டன். நின்றது. பச்சை போனது. சிவப்பு போனது. வால் திரும்பி, குழியின் வாயைப் பார்த்து நின்றது. மங்கலாக இருந்த வலை அங்கேதான் இருந்திருக்கிறது.

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தோம். எனக்கு அது நல்ல நேரம். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை மறந்திருந்தேன்.

அப்போது கேட்டான்.

“இத எப்ப பாத்தீங்க?”

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

“அன்னிக்கே.”

“வெள்ளிக்கிழமையேவா?”

“ஆமா.”

“நான் கேட்டேனே மச்சான். டீயோட வந்து கேட்டேனே.”

“கேட்ட.”

ஸ்டூலில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். திரையையே பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையை ஆட்டினான்.

“சரி. மேடம்கிட்ட ரெண்டு பேரும் கவனிக்கலன்னு சொல்லிடலாம். இன்னிக்குத்தான் பாத்தோம். நீங்கதான் கண்டுபுடிச்சீங்க. தப்பு என்னுது.”

“ஏன்?”

“என்ன ஏன்? அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?”

சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். அந்த நல்லதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. படிப்பு அவனுக்கு. வேகம் அவனுக்கு. மேடத்தின் சிரிப்பு, நாற்காலி, மீன் தலை, எல்லாம் அவனுக்கு. இப்போது பெரிய மனசும் அவனுக்கு, அதை வாங்கிக்கொண்டு காலம் பூரா நான் அவன் எதிரில் உட்கார வேண்டும். அது முடியாது. நான் போய்ச் சொன்னது நேர்மையால் என்று யாராவது நினைத்தால், இல்லை. அவனிடம் கடமைப்படப் பிடிக்கவில்லை. அதுதான்.

எழுந்தேன். நேராக மேடம் அறைக்குப் போனேன். கதவைத் தட்டும்போது பின்னால் அவன் வரும் சத்தம் கேட்டது.

“மேடம், புது மருந்தோட வளையம் தப்பு. மடங்கணும். தட்டையா இருக்கு. வால் வேற பக்கம்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “யார் பாத்தது?”

“நான்.”

“நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே பாய்.”

“தெரிஞ்சுதான் போட்டேன்.”

அவருக்குப் புரியவில்லை. மச்சினன் வாசலில் நின்று, “கட்டு ஃபைல் தப்பு என்னுது மேடம்,” என்றான். நான் வைத்த பெயரையே சொன்னான். மேடம் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“ஏன்?”

“அந்த நாற்காலி வேணும்னு நெனைச்சேன்.”

மேடம் முதலில் கெமிஸ்ட் அம்மாவுக்குப் போன் போட்டார். நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். தப்பு எங்க பக்கம்தான் என்றார். நிறுத்தி வையுங்கள் என்றார். அந்தப் பக்கம் நீண்ட நேரம் பேசினார்கள். மேடம் “ஸாரி” என்று மூன்று தடவை சொன்னார். அந்த மூன்றும் என் காதில் விழுந்தது. பிறகு போனை வைத்தார்.

“மூணு வாரத்தோட போச்சு,” என்றார். “அந்தப் பொண்ணு அழுதுதாம்.”

அவனிடம், இதுவரை செய்த எல்லா மருந்தின் கட்டு ஃபைலையும் முதலிலிருந்து எழுதச் சொன்னார். பழையதைத் தொடக் கூடாது என்றார். தலையாட்டினான். என்னிடம் நோட்டைக் காட்டினார்.

“இதுல இனிமே நீங்க கையெழுத்துப் போட வேணாம் பாய். வேற யாராவது போடட்டும்.”

“சரி மேடம்.”

“உங்களைத் திட்ட எனக்குத் தெரியல.”

“சரி மேடம்.”

வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. அடுத்த நாள் ட்ரேக்குப் போனேன்.

வீட்டில் அவன் சொல்லவில்லை. நானே சொன்னேன். சாப்பாட்டுக்கு முன்னால் சொன்னேன். மனைவி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“எந் தம்பி தப்பு பண்ணினானா, நீங்க பண்ணினீங்களா?”

“ரெண்டு பேரும்.”

“யாரு ஜாஸ்தி?”

“நான்.”

சோறு போட்டாள். ரெண்டு வாரம் சரியாகப் பேசவில்லை.

இப்போது மருந்துகள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. அவன் ஒவ்வொரு ஃபைலையும் புதிதாக எழுதுகிறான். நோட்டில் ரெண்டாவது கையெழுத்து ஒரு மாணவி போடுகிறாள். நான் கேட்கவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை.

போன வாரம் அவன் தடுப்பைத் தட்டினான்.

“மச்சான், ஒரு நிமிஷம் வாங்க. கையெழுத்துக்கு இல்ல. சும்மா பாருங்க.”

“கையெழுத்துப் போடுற பொண்ணு பாக்கலயா?”

“பாத்துடுச்சு. நீங்களும் பாருங்க.”

கையைத் துடைத்துக்கொண்டு போனேன். அவன் எழுந்து நின்றான். உட்கார்ந்தேன். திருப்பினேன். மேலே, கீழே, பக்கவாட்டில். ரெண்டு வளையம், ஒன்று மடங்கியது, ஒன்று தட்டை. ஃபைலைத் திறந்து எண்களைப் பார்த்தேன். தப்பு தேடினேன். நன்றாகத் தேடினேன். அரை மணி இருக்கும். ஒன்றாவது கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. அது இன்னும் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

அவன் பின்னால் நின்றுகொண்டே இருந்தான். பொறுமையாக நின்றான். அவனுக்கு அது வழக்கம் இல்லை.

“ஏதாவது இருக்கா மச்சான்?”

இன்னொரு தடவை பக்கவாட்டில் திருப்பினேன்.

“இல்ல,” என்றேன். “சரியா இருக்கு. நல்லா வெச்சிருக்க.”